வீட்டுக்குள் நிற்கும் கேமரா: மனச்சிதைவு நோயும் குடும்பமும் சுயாதீனத் திரைப்படத்தில்

மனச்சிதைவு நோயைத் திரையில் காட்ட முற்படும் இயக்குநர் முதலில் தீர்மானிக்க வேண்டியது கேமராவை எங்கே வைப்பது என்பதைத்தான். நோயாளியின் தலைக்குள் வைத்தால், அவர் காணும் உருவங்களும் கேட்கும் குரல்களும் பார்வையாளருக்கும் வந்துசேரும். படம் விறுவிறுப்பாக நகரும். வீட்டின் கூடத்திலோ அடுப்படியிலோ வைத்தால் தெரிவது வேறு: பகல் பதினொரு மணிவரை போர்வைக்குள் கிடக்கும் மகன், அவனை எழுப்புவதா விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கும் தாய், ஊரார் எதிர்ப்பட்டால் பேச்சை மாற்றிவிடும் தந்தை, தன் கல்யாணப் பேச்சு ஏன் பாதியில் நின்றதென்று கேட்காமலே தெரிந்துகொண்ட தங்கை. வணிகத் திரைப்படம் பெரும்பாலும் முதல் இடத்தையே தேர்ந்துகொண்டிருக்கிறது என்பதும், இந்நோயின் மெய்யான வரலாறு இரண்டாம் இடத்தில்தான் நிகழ்கிறது என்பதும், அங்கே சென்று பொறுமையாக நிற்கும் வசதியும் கடமையும் எதார்த்தச் சுயாதீனப் படத்துக்கே மிகுதியாக உண்டு என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் முதலீட்டையும், நட்சத்திரங்களின் சந்தை மதிப்பையும், விநியோகஸ்தர்களின் முன்பணத்தையும் சாராமல் எடுக்கப்படுவதே சுயாதீனத் திரைப்படம். மலையாளத்தில் ஜான் ஆபிரகாம் 1986இல் எடுத்த ‘அம்ம அறியான்’ மக்களிடம் திரட்டிய நன்கொடையில் உருவானது. அமெரிக்காவில் ஜான் கஸாவெட்டிஸ் தம் வீட்டை அடமானம் வைத்தும், நடிகர் பீட்டர் ஃபால்க்கின் சொந்தப் பணத்தைப் பெற்றும் 1974இல் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ படத்தை முடித்தார். வாங்குவார் இல்லாததால் அதைத் தாமே திரையரங்குகளுக்குக் கொண்டுசென்றார். பணம் எங்கிருந்து வருகிறது என்பது மனநோயைப் பற்றிய படத்தைப் பொறுத்தவரை கணக்கு வழக்கோடு முடிந்துபோகும் செய்தி அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு திருப்பம் கேட்கும் பணம், எதுவும் நிகழாத ஒரு பகலைப் படமெடுக்க விடாது. இந்நோயைச் சுமக்கும் குடும்பங்கள் வாழ்வதோ பெரும்பாலும் அத்தகைய பகல்களில்தான்.

ஸ்கிசோஃப்ரினியா என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் இந்த நோய், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகெங்கும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரைப் பாதித்திருக்கிறது. பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும், படிப்பு முடிந்து வேலையும் திருமணமும் எதிர்பார்க்கப்படும் வயதில், இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. இதன் அறிகுறிகளை மருத்துவர்கள் இரு வகையாகப் பிரிப்பர். இல்லாத குரல் கேட்பது, பிறர் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்றோ உணவில் விஷம் வைக்கிறார்கள் என்றோ அசையாமல் நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது ஆகியவை இயல்பான மனநிலையோடு கூடுதலாக வந்து சேர்பவை என்பதால் நேர்மறை அறிகுறிகள் எனப்படும். பேச்சு சுருங்கிப்போவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, குளிக்கவும் வெளியே போகவும்கூட முனைப்பு அற்றுப்போவது ஆகியவை முன்பு இருந்தது குறைந்துபோவதால் எதிர்மறை அறிகுறிகள் எனப்படும்.

திரைப்படம் நேர்மறை அறிகுறிகளையே விரும்புகிறது, ஏனென்றால் அவை காட்சியாகின்றன. குடும்பத்தை அரிப்பதோ பெரும்பாலும் எதிர்மறை அறிகுறிகள்தாம். குரல் கேட்டு மகன் கத்தும்போது அது நோய் என்று வீட்டார் புரிந்துகொள்கிறார்கள். கத்தல் அடங்கி, ஆண்டுக்கணக்கில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அதைச் சோம்பேறித்தனம் என்றும் திமிர் என்றும் சொல்கிறார்கள். மாத்திரை குரல்களைப் பெருமளவு அடக்குகிறது. முனைப்பின்மையை அந்த அளவுக்கு அது மாற்றுவதில்லை. சில மாத்திரைகள் கைநடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தூக்கக் கலக்கத்தையும் உடற்பருமனையும் கூடவே கொண்டுவருகின்றன. நீளமான காட்சி, நிலையான கேமரா, பின்னணி இசையின்மை போன்ற எதார்த்தப் படத்தின் வழக்கமான உத்திகள் இங்கே பாணி என்ற நிலையைக் கடந்து நோயை அறிவதற்கான கருவிகளாகின்றன. ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட எடுத்துக்கொள்ளும் நான்கு நிமிடத்தை நான்கு நிமிடமாகவே காட்டும் படம், வாசலில் செருப்புப் போட்டு நிற்கும் தந்தையின் பொறுமை எந்த நொடியில் முறிகிறது என்பதையும் காட்டிவிடும்.

தமிழ் வணிகப் படம் மனநோயைக் கையாண்ட வரலாறு நீண்டது, பெரும்பாலும் வருத்தத்துக்குரியது. 2001இல் வந்த ‘ஆளவந்தான்’ மனச்சிதைவு நோயாளியைக் கொலைகாரனாக்கியது. 2005இல் வந்த ‘அந்நியன்’ ஒரே உடலில் பல ஆளுமைகள் தோன்றும் வேறொரு கோளாற்றைப் பழிவாங்கும் சாகசமாக்கியது. மனச்சிதைவு என்றால் ஒருவர் இருவராகப் பிளப்பது என்ற தவறான எண்ணம் பொதுமக்களிடம் வேர்விட்டதில் இத்தகைய படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்நோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைக் காட்டிலும் வன்முறைக்கு ஆளாவதே அதிகம் என்னும் உண்மை அப்படங்களில் இடம்பெறுவதே இல்லை. 2004இல் பார்த்திபன் இயக்கி நடித்த ‘குடைக்குள் மழை’ இவ்வரிசையிலிருந்து ஓரளவு விலகி, நோயாளியின் தனிமையை மையப்படுத்தியது. ஆயினும் அதன் கவனமும் அவனுடைய மனத்துக்குள் எழும் காட்சிகளிலேயே நின்றுவிட்டது.

‘குணா’ தனியாகப் பேசத்தக்கது. கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடருக்கும் திரைப்பட மனநோய்க்கும் உள்ள உறவு அதில்தான் உறுதிப்பட்டது. சந்தான பாரதி இயக்கத்தில் 1991இல் வெளியான அப்படத்தில், மருத்துவர் முன் அறையைச் சுற்றிச்சுற்றி நடந்தபடி குணா பேசும் காட்சி, கோவையற்ற எண்ண ஓட்டத்தை உடலின் அசைவாகவே மாற்றிக்காட்டிய அரிய முயற்சி. அதன் பின்பகுதி கொடைக்கானலுக்கு அருகே டெவில்ஸ் கிச்சன் எனப்பட்ட குகையில் படமாக்கப்பட்டது. அவ்விடம் பின்னர் குணா குகை என்றே பெயர் பெற்றது. 2024இல் அக்குகையையே களமாகக் கொண்ட மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபின் அங்கே மீண்டும் கூட்டம் பெருகியது. ஆனால் குணாவை அந்தக் குகைக்குக் கொண்டுவரும் கதை, அவனை வீட்டிலிருந்தும் தாயிடமிருந்தும் பிரித்தெடுத்தே கொண்டுவருகிறது. மலையும் மூடுபனியும் பைத்தியத்தின் உருவகங்களாகின்றன. மலையில் வாழ்பவர்களுக்கோ மூடுபனி உருவகம் அன்று. காயவைத்த பூண்டை உள்ளே எடுத்துவைக்க வேண்டிய நேரம்.

தலைக்குள் கேமராவை வைப்பதில் இன்னொரு பிழையும் உண்டு: அங்கே கேட்கும் குரல்களைத் திரைப்படம் பெரும்பாலும் கற்பனையாலேயே நிரப்புகிறது. அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லுர்மன், இந்திய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்கும் நோயாளிகளைச் சந்தித்து, அக்குரல்கள் என்ன சொல்கின்றன என்று விசாரித்தார். அமெரிக்கர்கள் பெரும்பாலும் வன்முறை நிறைந்த, அறிமுகமற்ற குரல்களைப் பற்றிச் சொன்னார்கள். அக்ராவில் பலர் கடவுளின் குரலைச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டவை உறவினர் குரல்கள். அவை சமைக்கவும், வீட்டைச் சுத்தம் செய்யவும், சாப்பிடவும், குளிக்கவும் ஏவின, திட்டின, சில வேளை அறிவுரையும் கூறின. தமிழ்நாட்டில் இந்நோயைப் படமாக்க விரும்பும் எவரும் கடந்துசெல்லக் கூடாத கண்டுபிடிப்பு இது. எதிரொலியும் உலோகச் சத்தமும் கலந்த பயங்கரக் குரல்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்குவதைவிட, அடுப்படியில் அத்தை உண்மையாகவே ‘குளிச்சிட்டு வாடா’ என்று அழைப்பதும், அத்தை ஊரில் இல்லாத நாளிலும் அதே தொனியில் அதே அழைப்பு கேட்பதும், எந்த ஒலி வித்தையும் இன்றிப் பார்வையாளரை நோயின் நடுவில் நிறுத்தும். நோயாளியின் மனத்துக்குள்ளும் வீடுதான் இருக்கிறது.

வீட்டுக்குள் கேமராவை வைத்த முன்னோடிகளும் தவறியிருக்கிறார்கள். அவர்களுள் மிக முக்கியமானவர் பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச். டேவிட் மெர்சர் எழுதி 1967இல் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதையை விரித்து 1971இல் அவர் எடுத்த ‘ஃபேமிலி லைஃப்’, எதார்த்தத் திரைப்பட வரலாற்றில் மனச்சிதைவைக் குடும்பத்தின் நடுவில் வைத்துப் பார்த்த முதன்மையான படங்களுள் ஒன்று. கட்டுப்பாடு மிக்க நடுத்தரப் பெற்றோரின் மகள் ஜானிஸ், கருக்கலைப்புக்கு நிர்ப்பந்திக்கப்பட்டு, ஒவ்வொரு விருப்பமும் ‘நாங்கள் உன் நன்மைக்காகச் சொல்கிறோம்’ என்னும் ஒரே சொல்லால் முறியடிக்கப்பட்டு, இறுதியில் மருத்துவ மாணவர்கள் முன் பேச்சற்ற காட்சிப் பொருளாக நிறுத்தப்படுகிறாள். அவளுக்கு உதவ முயலும் மருத்துவராக நடித்தவர் உண்மையிலேயே மனநல மருத்துவர். அரைகுறை வாக்கியங்களும், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதும், ஒளியற்ற வரவேற்பறையும் சேர்ந்து, நடிப்பைப் பார்க்கிறோம் என்ற உணர்வையே அழித்துவிடுகின்றன.

ஆனால் அப்படத்தின் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது. ஆர். டி. லெயிங், ஆரன் எஸ்டர்சன் ஆகிய மனநல மருத்துவர்கள் மனச்சிதைவு நோயாளிகள் எனப்பட்ட பெண்களின் 11 குடும்பங்களைக் கூர்ந்து பார்த்து 1964இல் நூல் எழுதினர். அந்தப் பெண்களின் பேச்சும் நடத்தையும் அவரவர் குடும்பச் சூழலில் வைத்துப் பார்த்தால் பொருள் தருபவையே என்பது அந்நூலின் வாதம். அதற்கும் முன்பே, 1940களின் இறுதியிலிருந்து, நோய்க்குக் காரணம் தாயே என்று குற்றம் சுமத்தும் கருத்து அமெரிக்க மனப்பகுப்பாய்வில் பரவியிருந்தது. பின்வந்த மரபணு ஆய்வுகளும் மூளை ஆய்வுகளும் அக்கருத்தை நிலைக்க விடவில்லை. ‘ஃபேமிலி லைஃப்’ இன்றும் பார்க்கத்தக்க பெரும்படம்; அதன் காட்சிகள் உண்மை, அதன் தீர்ப்பு தவறு. எதார்த்தப் பாணி எவ்வளவு நம்பகமாக அமைகிறதோ, அவ்வளவு நம்பகமாக ஒரு தவறான காரணத்தையும் பார்வையாளர் மனத்தில் பதிக்கும் என்பதை இயக்குநர்கள் அப்படத்திடம்தான் கற்க வேண்டும்.

குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை என்றாலும், நோய் திரும்ப வருவதற்கும் வராமலிருப்பதற்கும் வீட்டின் சூழலுக்கும் தொடர்பு உண்டு. இதை ஆராய்ந்த லண்டன் ஆய்வாளர்கள் ‘வெளிப்படுத்தப்படும் உணர்ச்சி’ என்றொரு அளவுகோலை வகுத்தனர்: நோயாளியைக் குறைகூறுவது, அவர்மீது பகை பாராட்டுவது, அவருக்காக அளவுமீறித் தன்னைக் கரைத்துக்கொண்டு கண்காணிப்பது ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீளும் வாய்ப்பு அதிகம் என்று கண்டனர். 1980களில் சண்டிகரில் இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, இந்தியக் குடும்பங்களில் குறைகூறல் லண்டன் குடும்பங்களைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. இதைக் கொண்டு இந்தியக் குடும்பத்தைப் புகழ்ந்து படம் எடுப்பது லோச்சின் தவறை எதிர்ப்பக்கம் திருப்பிச் செய்வதாகும். அளவுகோலின் மூன்றாம் கூறு, அதாவது பாசமும் கண்காணிப்பும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பது, தமிழ் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பதைத் தமிழ் வாசகர் எவரும் அறிவர். எதார்த்தப் படத்துக்குரிய களம் அந்தப் பின்னல்தான்.

அந்தப் பின்னலைக் காட்ட, உணவில் மறைத்துக் கொடுக்கப்படும் மாத்திரையைக் காட்டிலும் கூர்மையான காட்சி இல்லை. தனக்கு நோய் இருப்பதை நோயாளி ஏற்க மறுப்பது இந்நோயின் இயல்புகளுள் ஒன்று. மாத்திரையை மறுப்பவருக்கு அதைப் பொடித்துக் காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுப்பது இந்தியக் குடும்பங்களில் பரவலான பழக்கம். சென்னை ஆய்வாளர்கள் 2002இல் இதை ஆய்விதழில் எழுதியும் இருக்கிறார்கள். தாய் அம்மியின் ஓரத்தில் மாத்திரையை நசுக்குகிறாள். அது கசக்கும் என்று தெரிந்து சர்க்கரை கூட்டுகிறாள். மகன் டம்ளரை வாங்கி முகர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறான். உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்பது அவனுடைய நோயின் நம்பிக்கை; இந்த வீட்டில் அது உண்மையும்கூட. அவனைத் தேற்றுவதற்காக அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பொய்யாகிறது, அந்தப் பொய்யால்தான் அவன் உறங்குகிறான். இக்காட்சியில் குற்றவாளி இல்லை. தாயைக் கண்டிக்கும் இசையோ அவளைத் தெய்வமாக்கும் இசையோ பின்னணியில் ஒலித்தால் காட்சி அழிந்துவிடும்.

முன்பு குறிப்பிட்ட கஸாவெட்டிஸின் படத்திலும் குற்றவாளி இல்லை. அதில் மேபல் என்னும் மனைவிக்கு எந்த நோய்ப்பெயரும் சூட்டப்படுவதில்லை. கட்டுமானத் தொழிலாளியான கணவன் விடியற்காலையில் வேலைத் தோழர்களை வீட்டுக்கு அழைத்துவர, அவள் எல்லாருக்கும் ஸ்பகெட்டி சமைத்துப் பரிமாறுகிறாள்; அவளுடைய உற்சாகம் எந்த இடத்தில் அளவைத் தாண்டுகிறது என்பதை மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் வெவ்வேறு கணத்தில் உணர்கிறார்கள். அவளை ஆறு மாதம் மருத்துவமனைக்கு அனுப்புவதும், திரும்பி வரும் நாளில் உறவினரை வரவழைத்து எல்லாவற்றையும் கெடுப்பதும் அவளை மிக நேசிக்கும் கணவன்தான். இறுதியில் இருவரும் மேசையைத் துடைத்துப் படுக்கையைச் சரிசெய்கிறார்கள். குணமடைந்தாளா என்ற கேள்விக்குப் படம் பதில் சொல்வதில்லை.

இந்தியாவில் மனச்சிதைவையும் குடும்பத்தையும் பெயர் சொல்லி எதிர்கொண்ட சிறந்த சுயாதீனப் படம், சுமித்ரா பாவே, சுனில் சுக்தன்கர் இணை 2004இல் மராத்தியில் தந்த ‘தேவராய்’. பாவே சமூகப் பணியாளராக இருந்து இயக்குநரானவர். புனேவில் இயங்கும் மனச்சிதைவு விழிப்புணர்வுச் சங்கத்தின் துணையோடு படம் உருவானது. தம் குடும்பத்திலேயே இந்நோயைக் கண்டிருந்த பேராசிரியர் ஜகன்னாத் வாணி அச்சங்கத்தை நிறுவியவர். கொங்கணத்துத் தேவராய் என்னும் கோயில்காட்டைக் காப்பதில் மனம் முழுதும் தோய்ந்த சேஷ் என்னும் இளைஞனாக அதுல் குல்கர்ணியும், அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து பராமரிக்கும் தங்கையாகச் சோனாலி குல்கர்ணியும் நடித்தனர். அழிந்துவரும் காட்டைப் பற்றிய சேஷின் கவலை நியாயமானது. அது நோயின் மொழியில் வெளிப்படுகிறது என்பதால் அதன் நியாயம் குறைவதில்லை. நோயாளியின் பேச்சில் நோயை மட்டுமே கேட்கும் வழக்கத்திலிருந்து குடும்பமும் பார்வையாளரும் விடுபட வேண்டும் என்று இப்படம் அமைதியாக வற்புறுத்துகிறது. திருமணமான ஒரு பெண் தன் உடன்பிறந்தவனைப் புகுந்த வீட்டில் வைத்துப் பார்ப்பதன் இடர்களையும், அதைக் கணவனிடம் ஒவ்வொரு நாளும் நயமாகப் பேசிப் பெற வேண்டியிருப்பதையும் அது மறைக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டு அபர்ணா சென் இயக்கிய ‘15 பார்க் அவென்யூ’வில் நோயாளி தங்கை மீத்தி, பராமரிப்பவர் இயற்பியல் பேராசிரியையான அக்கா. கொங்கணா சென் சர்மா, ஷபானா ஆஸ்மி இருவரும் நடித்த அப்படம் அக்காவின் கோபத்தையும் காட்டத் துணிந்தது. பராமரிப்பவர் தம் வாழ்க்கை கரைந்துபோவதை உணர்ந்து எரிச்சலடையும் உரிமை அதில் அங்கீகரிக்கப்பட்டது. மீத்திக்கு நேரும் பாலியல் வன்முறைக்குப் பின் நோய் முற்றுவதாகக் கதை அமைந்திருப்பது அதன் பலவீனம். பெரும்பாலான வீடுகளில் சுட்டிக்காட்ட அத்தகைய ஒரு நாள் இருப்பதில்லை, எப்போது தொடங்கியது என்று தேடித்தேடிக் களைப்பதே அவர்களின் துயரம்.

தமிழில் இதற்கு நிகரான படம் இன்னும் வரவில்லை என்றாலும், அதற்கான பாதை போடப்பட்டிருக்கிறது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024இல் வெளிவந்தது. வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிக் குறிசொல்பவரிடம் அழைத்துச் செல்கிறது. பின்னணி இசை இல்லை. மீனா ஏறத்தாழப் பேசுவதே இல்லை. மீனா நோயாளி அல்லள், அதுதான் அப்படத்தின் கருப்பொருள். ஆயினும் ஒரு குடும்பம் வழிநெடுகத் தங்களுக்குள் பேசிப்பேசி ஒருத்தியின் மௌனத்துக்குப் பெயர் சூட்டும் முறையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறில்லை. உண்மையான நோயாளியும் அதே சாலையில்தான், அதே உறவினரோடு, அதே கோடங்கியிடமும் அதே தாயத்துக்கும் முதலில் கொண்டுசெல்லப்படுகிறார். அந்தச் சாலை சில வேளை தர்கா உள்ள ஏர்வாடியில் முடிந்திருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் எரிந்தனர்; இறந்தோர் எண்ணிக்கை 28 ஆயிற்று. அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களைக் கொடியவர்களாகக் காட்டுவது எளிது. அருகில் மனநல மருத்துவர் எவரும் இல்லாத ஊரில், இரவில் ஓடிவிடும் மகனை வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போக வேண்டிய தாய் எந்தக் கணக்கில் அந்த முடிவுக்கு வந்தாள் என்று காட்டுவதே கடினமானது.

வழிபாட்டிடங்களைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு உதவாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ஆராய்ந்து பெங்களூர் மனநல மருத்துவர் ரகுராமும் மற்றோரும் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்; அவர்களுள் 23 பேருக்கு மனச்சிதைவு இருந்தது. சங்கிலி இல்லை, பேயோட்டல் இல்லை. உறவினர் ஒருவர் உடன் தங்குகிறார். காலையில் சிறு வழிபாடு, பிறகு கோயிலைப் பெருக்குவதும் செடிகளுக்கு நீர் ஊற்றுவதும். சில வாரங்களில் நோயின் கடுமையைக் குறிக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கோயில் என்றாலே மூடநம்பிக்கை என்று காட்டும் படமும், கோயிலே மருந்து என்று காட்டும் படமும் இந்தச் செடிகளுக்கு நீர் ஊற்றும் கையைத் தவறவிட்டுவிடும்.

திருமணம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தமிழ்ச் சமூகத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் ஆர். தாராவும் உடன் பணியாற்றியோரும், இந்நோயால் மணவாழ்வு முறிந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அப்பெண்களுக்குள் கணவன் வேறு மணம் செய்துகொண்ட பிறகும் தாலியைக் கழற்றாதவர்கள் உண்டு. இதே ஆய்வு மரபில் 1981 முதல் 90 நோயாளிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்ததில், பலர் நோயின் கடுமை தணிந்து வேலையும் குடும்பமுமாக வாழ்வதும் தெரியவந்தது. வீழ்ச்சியில் தொடங்கி வீழ்ச்சியில் முடியும் கதைதான் எதார்த்தம் என்ற எண்ணத்தை இந்தத் தரவு மறுக்கிறது. மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு, மெதுவாகப் பேசி, கடையில் கணக்கு எழுதும் ஒருவரும் எதார்த்தம்தான்.

இத்தகைய படத்தை எங்கே எடுக்கலாம் என்பதற்கு இனி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில் அமைந்த இம்மேல்மலைக் கிராமம், நெருக்கமாக அடுக்கப்பட்ட வீடுகளுக்கும், சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டங்களுக்கும், குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர்பெற்றது; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் முதன்மையானது. சுற்றுலா வருவோர் மேலிருந்து நிழற்படம் எடுத்துச் செல்லும் ஊர் இது. திரைப்படமும் இம்மலையை இதுவரை மேலிருந்தே பார்த்திருக்கிறது. பக்கத்து மலைத்தொடரில், தேனிப் பகுதியில், லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் செய்துகாட்டியது போல, கதையை ஊரின் வேலையிலிருந்து தொடங்கினால் இங்கே என்னென்ன தெரியும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வீட்டுச் சத்தம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். ஆகவே நோயை மறைக்க முயலும் குடும்பம் முதலில் தன் குரலைத் தாழ்த்துகிறது, பிறகு வானொலியைச் சத்தமாக வைக்கிறது. பூண்டு நடவும் அறுவடையும் பல கைகள் கேட்கும் வேலை. நோயுற்ற மகன் ஒரு வரிசை நட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் ஊர் பார்க்கிறது. அதே வேலை, அவசரப்படுத்தாத ஓர் அத்தையோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால், அவனுக்கு ஏற்றதாகவும் ஆகிறது: பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டும் வேலையில் பேச வேண்டியதில்லை, விரல்கள் ஒரே செயலைத் திரும்பத்திரும்பச் செய்கின்றன, கட்டு முடிந்தால் அது கண்முன் இருக்கிறது. முனைப்பின்மைக்கு மருத்துவம் பரிந்துரைக்கும் தொழில்வழி மறுவாழ்வு என்பதன் உள்ளீடும் இதுவே.

மருத்துவத்துக்கான பயணமே ஒரு படத்தின் பாதியை நிரப்பும். மேல்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இன்னொன்று. கொண்டையூசி வளைவுகளில் வாந்தி, பேருந்தில் எல்லாரும் தன்னையே பார்ப்பதாக நினைக்கும் மகன், ஒரு நாள் கூலி இழப்பு, மருத்துவர் முன் பத்து நிமிடம். மாவட்டந்தோறும் மனநலச் சேவையைக் கொண்டுசெல்லவென்று 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இத்தொலைவைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டது. இப்பயணத்தைப் படமெடுப்பவர் சாலையின் அழகில் மயங்கிவிடாமல், மாத்திரை தீர்வதற்கு எத்தனை நாள் முன்பே தந்தை பேருந்துக் காசை ஒதுக்கத் தொடங்குகிறார் என்பதைக் காட்டினால், சிகிச்சை ஏன் இடையில் நின்றுபோகிறது என்ற கேள்விக்கு எந்த வசனமும் தேவைப்படாது.

எஞ்சியிருப்பது யாரை, எந்த உரிமையில் படமெடுப்பது என்ற கேள்வி. ஃபிரெடெரிக் வைஸ்மன் 1967இல் ஒரு மனநலச் சிறைக்குள் எடுத்த ‘டிட்டிகட் ஃபோலிஸ்’, உள்ளிருந்த கொடுமையை அம்பலப்படுத்தியது. ஆனால் காட்டப்பட்டவர்களின் அந்தரங்கத்தைக் காரணமாகக் கொண்டே மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அதன் பொதுத் திரையிடலை 1991 வரை தடுத்துவைத்திருந்தது. ஜொனதன் கவெட் வீட்டு வீடியோக்களைத் தொகுத்துச் சில நூறு டாலர்களில் உருவாக்கிய ‘டார்னேஷன்’ தம் தாயின் நோயை மகனே கேமராவில் காட்டிய படம். தாய் தடுமாறும் ஒரு நீண்ட காட்சியில், அவரைப் படமெடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று பார்வையாளர் தவிக்கும் தவிப்பு நியாயமானதே. இதற்கு நேர்மாறாக, அபர்ணா சன்யால் இயக்கிய ‘எ டிராப் ஆஃப் சன்ஷைன்’ ஆவணப்படத்தில் ரேஷ்மா வள்ளியப்பன் தம் மனச்சிதைவைத் தாமே பேசுகிறார், குடும்பத்தோடு தாம் நடத்திய போராட்டத்தையும் தாமே விளக்குகிறார். இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரங்களையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. ஒப்புதல் தர வேண்டியவர் நோயாளி. இதைப் படக்குழுக்கள் பல வேளைகளில் தந்தையின் கையெழுத்தோடு முடித்துக்கொள்கின்றன.

கதைப்படமானாலும் இப்பொறுப்பு நீங்குவதில்லை, ஏனெனில் எதார்த்தப் படம் உண்மையான வீடுகளில் அமர்ந்து, கேட்டு, எழுதப்படுவது. சிற்றூரில் பெயரை மாற்றினால் மட்டும் யார் கதை என்பது மறைந்துவிடாது. ஆகவே வெட்டி முடித்த படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அந்த வீட்டாரும், அவர்களுக்குள் முதலாவதாக, நோய் தணிந்திருக்கும் ஒரு நாளில், நோயுற்றவரும்தான். அவர் வேண்டாம் என்று சொல்லும் காட்சி எதுவானாலும் நீக்கப்படும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும். நீக்கிய பின் படத்தை மீண்டும் தொகுப்பதற்கான நாட்களையும் செலவையும் முதல் திட்ட வரைவிலேயே, கேமரா வாடகைக்கும் உணவுக்கும் பக்கத்தில், தனி வரியாகச் சேர்த்துவைக்க வேண்டும்.